மும்பை: வேலை கிடைக்கும், வீடு கிடைக்குமா? வாடகை, லோக்கல் ரயில், சொசைட்டி விதிகள் - ஏன் இப்படி?

மும்பையில் வேலை கிடைத்திருக்கிறது. மாதச் சம்பளம் 60 ஆயிரம் ரூபாய். மதுரையிலோ திருச்சியிலோ இருந்து பார்த்தால் நல்ல சம்பளம்தான். ஆனால், மும்பையில் ஏற்கெனவே இருக்கும் சொந்தக்காரருக்கு போன் போட்டுச் சொன்னால், அவர் கேட்கும் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றி இருக்காது.

"ஆபீஸ் எங்கே? எந்த லைன்?"

லைன் என்றால் ரயில் பாதை. சர்ச்கேட்டில் இருந்து விரார் நோக்கிப் போவது வெஸ்டர்ன். சிஎஸ்எம்டி-யில் இருந்து தாணே, கல்யாண் பக்கம் போவது சென்ட்ரல். நவி மும்பை, பன்வேல் பக்கம் போவது ஹார்பர். இந்த ஊரில் ஒருவர் எங்கே குடியிருக்கலாம், எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்பதையெல்லாம் அந்த லைன்தான் முடிவு செய்கிறது.

இந்தியாவின் எல்லா மாநிலத்துக்காரர்களுக்கும் வேலை கொடுக்கும் நகரம் மும்பை. அதே நகரத்தில் ஒரு வீடு பிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? பணம் இருந்தும் சிலருக்கு ஏன் வீடு கிடைப்பதில்லை?

மும்பை என்பது எதுவரை?

நாம் பொதுவாக மும்பை என்று சொல்வது ஒரு மாநகராட்சியை மட்டும் அல்ல. மும்பை பெருநகர்ப் பகுதியில் மொத்தம் 9 மாநகராட்சிகள் இருக்கின்றன. மும்பை, தாணே, நவி மும்பை, கல்யாண்-டோம்பிவிலி, உல்ஹாஸ்நகர், பிவண்டி, மீரா-பயந்தர், வசை-விரார், பன்வேல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பை மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் சுமார் 1 கோடியே 24 லட்சம் பேர்.

"மும்பையில் இருக்கிறேன்" என்று ஊரில் சொல்லிக்கொள்பவர்களில் பலர் டோம்பிவிலியிலோ நாலாசோப்ராவிலோதான் இருப்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர்கள் தூங்குவதுதான் அங்கே, பகல் முழுக்க மும்பையில்தான்.

வாடகை எவ்வளவு?

இடத்துக்கு இடம், கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். அந்தேரி மாதிரியான பகுதியில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு 35 ஆயிரம், 40 ஆயிரம் என்றுதான் பேச்சே தொடங்கும். பாந்த்ரா பக்கம் போனால் இன்னும் அதிகம். டோம்பிவிலி, கல்யாண் பகுதிகளில் அதே அளவு வீடு 12 முதல் 15 ஆயிரம். விரார், நாலாசோப்ராவில் 10 ஆயிரம் ஒட்டிக்கூட கிடைக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஆபீஸ் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தேரியில் குடியிருப்பதற்குப் பதில் விராரில் குடியிருந்தால் வாடகையில் மாதம் சுமார் 25 ஆயிரம் மிச்சம். ஆனால், ஒரு வழிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதல் பயணம். போக வர இரண்டு மணி நேரம். மாதம் 25 வேலை நாள் என்றால் 50 மணி நேரம். அதாவது, ரயிலில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 500 ரூபாய் மிச்சமாகிறது.

ஆபீஸில் மணிக்கு 500 ரூபாய் சம்பாதிக்க, மாதச் சம்பளம் ஏறக்குறைய ஒரு லட்சம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே வாங்குகிறவருக்கு விரார் ரயிலில் நிற்பதுதான் லாபம். பல லட்சம் பேர் ஏன் அந்த ரயிலில் தொங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. 60 ஆயிரம் சம்பளக்காரர் எந்தப் பக்கம் போவார் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

வீடு பார்க்கப் போனால் என்ன நடக்கும்?

முதலில் புரோக்கர். பெரும்பாலான இடங்களில் ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். டெபாசிட், அதாவது நம்ம ஊர் அட்வான்ஸ், வழக்கமாக இரண்டு மாதத்தில் இருந்து ஆறு மாத வாடகை வரை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒன்றுதான் ஆறுதலான செய்தி. 'ஹெவி டெபாசிட்' என்று இன்னொரு முறையும் உண்டு. பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை மிகக் குறைவு, அல்லது வாடகையே கிடையாது. நம்ம ஊர் ஒத்தி மாதிரி. காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்பி வர வேண்டும். எனவே இந்த முறையில் போகிறவர்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பணத்தைக் கொடுக்கவே கூடாது.

ஒப்பந்தத்தின் பெயர் 'லீவ் அண்ட் லைசென்ஸ்'. பெரும்பாலும் 11 மாதத்துக்குப் போடுவார்கள். இதில் குடியிருக்க வருபவர் சட்டப்படி 'வாடகைதாரர்' அல்ல, 'லைசென்சி'. அதாவது, உரிமையாளரின் அனுமதியின் பேரில் குறிப்பிட்ட காலம் தங்குகிறவர். காலம் முடிந்தால் கிளம்ப வேண்டும். இந்த வார்த்தை விளையாட்டுக்குப் பின்னால் 80 ஆண்டுக் கதை இருக்கிறது, அதைக் கீழே பார்ப்போம்.

"11 மாதம்தானே, பதிவு செய்ய வேண்டியதில்லை" என்று புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம். 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவு, இந்த ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்காக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவில்லாத நிலையில் தகராறு வந்தால், ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே ஏற்கப்படும். அது தவறு என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். பதிவை ஆன்லைனிலேயே செய்துவிடலாம்.

இதெல்லாம் காகித வேலை. கஷ்டம் இதற்கு முன்பே தொடங்கிவிடும்.

"ஃபேமிலியா, பேச்சிலரா? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

வாடகை எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேட்பதற்கு முன்பே புரோக்கர் கேட்கும் கேள்விகள் இவை. பெயரைச் சொன்னதும் சில வீடுகள் பட்டியலில் இருந்து காணாமல் போகும். தனியாக இருக்கும் பெண்கள், திருமணமாகாதவர்கள், முஸ்லிம்கள், தலித்துகள், கறி மீன் சமைப்பவர்கள் என்று ஒவ்வொரு தரப்புக்கும் மூடியிருக்கும் கதவுகள் தனித்தனி.

மும்பையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை நடத்துவது கூட்டுறவு ஹவுசிங் சொசைட்டிகள். வீட்டு உரிமையாளர் சம்மதித்தாலும் சொசைட்டி என்ஓசி கொடுக்க வேண்டும் என்பார்கள். தலைவர், செயலாளர் என்று நான்கைந்து பேர் உட்கார்ந்து குடிவருபவரை நேர்காணல் செய்யும் சொசைட்டிகளும் இருக்கின்றன. வேலைக்கான இன்டர்வியூவே பரவாயில்லை என்று தோன்றும்.

இது சட்டப்படி சரியா? ஆமதாபாத்தில் உள்ள ஒரு பார்சி கூட்டுறவு வீட்டு சங்கம், தன் உறுப்பினர்கள் பார்சிகளாக மட்டுமே இருக்க வேண்டும் என்று வைத்த விதியை 2005-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உறுப்பினர் யார் என்பதைச் சங்கம் தன் துணைவிதி மூலம் தீர்மானிக்கலாம் என்பது தீர்ப்பு. மும்பையிலும் குறிப்பிட்ட சமூகத்துக்காக மட்டும் கட்டப்பட்ட குடியிருப்புகள் பழங்காலத்தில் இருந்தே உண்டு. ஆனால் இன்றைய மறுப்புகளில் பெரும்பாலானவை எந்த விதிப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்காது. "வேற பார்ட்டி டோக்கன் கொடுத்துட்டாங்க" என்று போனில் முடிந்துவிடும். அதை எங்கே போய் நிரூபிப்பது?

மண்ணின் மைந்தர்களுக்கும் இதே கதிதான் என்பது 2023 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. முலுண்டில் அலுவலகத்துக்கு இடம் பார்க்கப் போன ஒரு மராத்திப் பெண்ணிடம், மராத்திக்காரர்களுக்கு இங்கே இடமில்லை என்று சொன்ன வீடியோ பரவி, மாநில அரசியலே சூடானது.

1992-93 கலவரத்துக்குப் பிறகு மும்பையின் கலப்புப் பகுதிகளில் இருந்து வெளியேறிய முஸ்லிம் குடும்பங்கள் பெருமளவில் போய்ச் சேர்ந்த இடம் தாணேவுக்கு அப்பால் இருக்கும் மும்ப்ரா. சிறிய ஊராக இருந்த மும்ப்ரா அதன் பிறகுதான் லட்சக்கணக்கானோர் வாழும் நெரிசல் நகரமானது. ஒரே ரயில் பெட்டியில் தோளோடு தோள் உரசி வருகிறவர்கள், இறங்கியதும் தனித்தனி ஊருக்குப் பிரிந்து போகிறார்கள்.

விலை ஏன் இப்படி ஏறியது?

"மூன்று பக்கம் கடல், இடமில்லை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். பாதி உண்மை. ஏழு தீவுகளை இணைத்து உருவான ஊர் இது. வடக்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா மட்டும் சுமார் 100 சதுர கிலோமீட்டர். ஓரங்களில் சதுப்பு நிலக் காடும் உப்பளமும். ஊர் வளர வேண்டுமென்றால் வடக்கே மட்டும்தான் நீள முடியும். 1970-ல் சிட்கோ என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி, கடற்கழிக்கு அந்தப் பக்கம் நவி மும்பையை உருவாக்கியது இதனால்தான்.

ஆனால் ஹாங்காங்கிலும் இடமில்லை. அவர்கள் மேலே கட்டினார்கள். மும்பை நேர் எதிராகப் போனது. 1991 விதிகளின்படி, ஒரு மனையின் பரப்பைப் போல தீவு நகரத்தில் 1.33 மடங்கும் புறநகரில் ஒரு மடங்கும்தான் கட்டலாம். எஃப்எஸ்ஐ என்று சொல்வது இதைத்தான். அதற்கு மேல் கட்ட வேண்டுமென்றால் கட்டணம், சலுகைத் திட்டம், வாங்கிச் சேர்த்த உரிமை என்று சுற்றிவர வேண்டும். அந்தச் செலவு முழுவதும் கடைசியில் வீட்டின் விலையில் வந்து உட்கார்ந்தது. 1976 நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் நிலத்தைச் சந்தைக்கு வரவிடாமல் கட்டிப்போட்டது. மகாராஷ்டிரா அதை 2007-ல்தான் கைவிட்டது.

எல்லாவற்றுக்கும் மூத்தது வாடகைச் சட்டம். 1947-ல் வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி இருந்த அளவிலேயே நிறுத்திவைத்தது. உலகப் போர்க் காலத்து நெருக்கடிக்கான மருந்து அது. சில ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, 1999-ல் புதிய சட்டம் வரும்வரை அரை நூற்றாண்டு நீடித்தது.

என்ன ஆனது? மாதம் நூறு, இருநூறு ரூபாய் வாடகைக்குத் தென் மும்பையில் பெரிய வீடுகளில் குடும்பங்கள் தலைமுறையாக இருந்தார்கள். அந்த வாடகையில் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கக்கூட முடியாது. உரிமையாளர்கள் பராமரிப்பதை நிறுத்தினார்கள். வாடகைக்கு விடுவதற்காகக் கட்டடம் கட்டும் தொழிலே கிட்டத்தட்ட நின்றுபோனது. 'பகடி' என்ற முறை வளர்ந்தது. மராத்தியில் பகடி என்றால் தலைப்பாகை. பெரிய தொகையை உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டு, பெயரளவு வாடகையில் காலம் முழுக்க இருப்பது; அந்த உரிமையை இன்னொருவருக்கு விற்கும்போது உரிமையாளருக்கு ஒரு பங்கு தருவது. பாதி சொந்தம், பாதி வாடகை. சட்டவிரோதமாக இருந்த இந்த முறையை 1999 சட்டம்தான் அங்கீகரித்தது. பழைய குடித்தனங்களுக்கு ஆண்டுக்கு 4 சதவிகிதம் வாடகை உயர்வும் அனுமதித்தது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் தென் மும்பையில் ஏதாவது ஒரு பழைய கட்டடம் இடிந்து விழும் செய்தி வருவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இப்படி அரசின் பழுதுபார்ப்பு வரி வளையத்தில் உள்ள பழைய கட்டடங்கள் இன்னும் பல ஆயிரம். காலி செய்தால் திரும்ப இடம் கிடைக்குமா என்ற பயத்தில், 'அபாயகரமானது' என்று நோட்டீஸ் ஒட்டிய பிறகும் அங்கேயே இருக்கிறார்கள்.

சட்டம் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. அதன் விலையைக் கொடுப்பது வெளியே இருந்து வருகிறவர்கள். ஒருமுறை குடிவைத்தால் எழுப்பவே முடியாது என்ற பயம் உரிமையாளர்களுக்கு இன்னும் போகவில்லை. 11 மாத 'லைசென்ஸ்' வந்தது அதனால்தான். வீட்டை வாடகைக்கே விடாமல் பூட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

மில் நிலங்கள் கைவிட்டுப் போன கதை

நகரின் நடுவே நிலமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பரேல், லோயர் பரேல் பகுதிகளில் நூற்பாலைகள் இருந்தன. 1982 ஜனவரி 18-ல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைகள் பல அதன் பிறகு திறக்கவே இல்லை. அந்த நிலங்களில் பின்னாளில் வந்தவை ஷாப்பிங் மால்களும் அலுவலகங்களும் கோபுர வீடுகளும். பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பீனிக்ஸ் மால். பக்கத்துச் சால்களில் இன்னும் பழைய ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. சால் என்பது நீண்ட வராந்தாவை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகளும், மாடிக்குப் பொதுவான கழிப்பறையும் கொண்ட கட்டடம். பிள்ளைகள் வளர்ந்து திருமணமானதும், அந்த அறை போதாமல் டோம்பிவிலிக்கோ விராருக்கோ போனவர்கள் நிறைய. நகரின் நடுவில் இருந்த மராத்திக் குடும்பங்கள் ரயில் பாதையின் கடைசிக்குத் தள்ளப்பட்டது இப்படித்தான்.

சொந்த வீடு வேண்டுமென்றால் சாமானியர்கள் பார்ப்பது மாடா குலுக்கல். மாநில அரசின் வீட்டுவசதி வாரியமான மாடா, வருமானப் பிரிவு வாரியாக வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறது. 2024-ல் மும்பையில் 2,030 வீடுகளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். கிடைச்சா லாட்டரி, கிடைக்கலேன்னா அடுத்த வருஷம்.

லோக்கல் ரயில்: உயிர்நாடியும் ஆபத்தும்

1853 ஏப்ரல் 16-ல் போரி பந்தரில் இருந்து தாணேவுக்குப் போன ரயில்தான் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். இன்று மும்பையின் புறநகர் ரயில்களில் நாளுக்கு எழுபது லட்சம் பேர் அளவில் பயணிக்கிறார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மாத பாஸ் எடுத்தால் விராரில் இருந்து சர்ச்கேட் வரை 60 கிலோமீட்டர் தூரத்துக்கும் சில நூறு ரூபாய்தான். இந்த விலைதான் மும்பையை ஓடவைக்கிறது. வீட்டு வாடகையில் நகரம் பிடுங்குவதில் கொஞ்சத்தை ரயில் திருப்பிக் கொடுக்கிறது.

ரயிலுக்கு என்று எழுதப்படாத சட்டங்கள் உண்டு. மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆள் ஒடுங்கி உட்காரலாம். யாரும் மறுக்க மாட்டார்கள். உட்கார்ந்திருப்பவரிடம் "எங்கே இறங்குவீங்க?" என்று கேட்டு இடத்தை முன்பதிவு செய்துகொள்ளலாம். ஆனால், பாதி வழியில் போரிவிலியில் இறங்குகிறவர் மாலை நேர விரார் ஃபாஸ்ட்டில் ஏறினால், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். இறங்க வழிவிடாமல் அடுத்த ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன கதைகள் ஏராளம். பெண்கள் பெட்டியில் கீரை ஆய்ந்து, பட்டாணி உரித்து முடித்துவிட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் அதைச் செய்ய நேரம் கிடையாது.

இதில் ரசிக்க எதுவும் இல்லாத பக்கமும் உண்டு. மும்பை ரயில் பாதைகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். பாதையைக் கடக்கும்போது அடிபடுகிறவர்களும், கூட்டத்தில் இருந்து தவறி விழுகிறவர்களும்தான் அதிகம். 2025 ஜூன் 9 காலை, மும்ப்ரா அருகே வளைவில், எதிரெதிரே வந்த இரண்டு ரயில்களின் வாசலில் தொங்கியவர்கள் உரசிக் கீழே விழுந்தார்கள். குறைந்தது 4 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, தானாகக் கதவு மூடும் பெட்டிகளைக் கொண்டுவரப் போவதாக ரயில்வே அறிவித்தது. கதவு மூடினால் காற்று வராது, கூட்டமும் ஏற முடியாது. எனவே கூடுதல் ரயில்கள் இல்லாமல் கதவை மட்டும் மூடிப் பயனில்லை.

ஏசி லோக்கல் 2017 டிசம்பரில் வந்தது. 2014-ல் ஒரு பாதையோடு தொடங்கிய மெட்ரோ, இப்போது கப் பரேட் வரை சுரங்கத்தில் போகிறது. 2024 ஜனவரியில் திறந்த 21.8 கிலோமீட்டர் அடல் சேது கடல் பாலம் நவி மும்பையை அருகே கொண்டுவந்தது. ஆனால் அதில் காரில் போனால் சுங்கம் கட்ட வேண்டும்.

மழையையும் சொல்லியாக வேண்டும். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதற்குப் பிறகு, பலத்த மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வரும் நாட்களை எல்லோரும் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் தண்டவாளம் மூழ்கினால் ஆபீஸிலேயே படுக்கைதான்.

எந்த மொழி பேச வேண்டும்?

2011 கணக்கெடுப்பில் மராத்தியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் மும்பை மக்களில் பாதிக்கும் குறைவு. இந்தி, உருது, குஜராத்தி என்று பட்டியல் நீளும். மாநகராட்சிப் பள்ளிகள் எட்டு மொழிகளில் பாடம் நடத்துகின்றன; தமிழும் அதில் ஒன்று. தெருவில் ஓடுவது 'பம்பையா இந்தி'. இலக்கணம் பார்த்தால் பேச முடியாது, பயப்படாமல் பேசினால் ஆறு மாதத்தில் வந்துவிடும்.

ஆனால் மொழி இங்கே அவ்வப்போது பற்றியெரியும் விஷயம். 1966-ல் சிவசேனா தொடங்கியபோது முதல் இலக்கு தென்னிந்தியர்கள்தான். அலுவலக வேலைகளை மதராசிகள் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற பிரசாரத்தில் உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. பின்னர் அந்தக் கோபம் வட இந்தியர்கள் பக்கம் திரும்பியது. 2025-ல் ஒன்றாம் வகுப்பில் இருந்து இந்தியைக் கொண்டுவரும் உத்தரவை மாநில அரசு எதிர்ப்பால் திரும்பப் பெற்றது. அதே நாட்களில் மீரா ரோடில் மராத்தி தொடர்பான வாக்குவாதத்தில் ஒரு கடைக்காரர் அறையப்பட்டார். புதிதாகப் போகிற தமிழர் நான்கு வாக்கியம் மராத்தி கற்றுக்கொண்டால் ஆட்டோவிலும் அரசு அலுவலகத்திலும் முகம் மாறுவதைப் பார்க்கலாம். ஆட்டோ என்றதும் ஒன்று: இங்கே மீட்டர் போட்டுத்தான் ஓட்டுவார்கள். சென்னைவாசிகளுக்கு இது நம்ப முடியாத அனுபவம். பாந்த்ரா, சயானுக்குத் தெற்கே ஆட்டோவே கிடையாது, டாக்ஸிதான்.

தமிழர்கள் இருக்கும் இடம் எது என்று கேட்டால் மாட்டுங்காவும் தாராவியும்தான் முதலில் வரும். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான், ஆனால் வேறு வேறு உலகம். படித்து அலுவலக வேலைக்கு வந்தவர்கள் மாட்டுங்காவில் கோயிலும் காபி கடையும் பள்ளியும் வைத்தார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கம் இருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் தாராவியில் குடிசை போட்டார்கள். தாராவிக்கு அருகே இருக்கும் சயான் கோலிவாடா தொகுதியில் கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014-ல் இருந்து மூன்று முறை எம்எல்ஏ ஆகியிருக்கிறார்.

தாராவியில் இப்போது என்ன பிரச்சினை?

2011-ல் மும்பை மாநகராட்சிப் பகுதியில் ஏறக்குறைய 42 சதவிகிதம் பேர் குடிசைப் பகுதிகளில் வசித்தார்கள். அவர்களில் ஓட்டுநர், காவலர், மாநகராட்சி ஊழியர் எல்லோரும் உண்டு. வேலைக்குப் பக்கத்தில், சம்பளத்துக்கு ஏற்ற வாடகையில், ஜாதி மதம் கேட்காமல் இடம் கிடைப்பது அங்கேதான். சொசைட்டி என்ஓசி கேட்பதில்லை. கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. சுமார் 2.4 சதுர கிலோமீட்டரில் தோல், மண்பாண்டம், துணி, மறுசுழற்சி என்று ஆயிரக்கணக்கான தொழில்கள் நடக்கின்றன. இருபுறமும் வெஸ்டர்ன், சென்ட்ரல் இரண்டு ரயில் பாதைகளும் எட்டும் தூரத்தில். பாந்த்ரா-குர்லா வளாகம் பக்கத்திலேயே.

அந்த இடத்தின் மதிப்பு இப்போது எல்லோருக்கும் தெரியும். 2022-ல் மறுசீரமைப்பு ஒப்பந்தம் அதானி குழுமத்துக்குப் போனது. மாநில அரசும் சேர்ந்த கூட்டு நிறுவனம் வேலையைச் செய்கிறது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. கேள்வி, யாருக்குத் தாராவிக்குள் வீடு என்பதுதான்.

2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பதற்கு ஆவணம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதன் பிறகு 2011 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி வீடு, ஆனால் தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், வாடகை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில். இந்த வெளி வீடுகளுக்காக முலுண்ட், காஞ்சூர்மார்க், பாண்டுப் பகுதிகளின் உப்பள நிலங்களும் தேவ்நார் குப்பைக் கிடங்கு நிலமும் பேசப்படுகின்றன. அந்தந்தப் பகுதி மக்களும் எதிர்க்கிறார்கள்.

தரைத்தளக்காரர் உரிமையாளர், ஏணி வைத்து ஏறும் மாடி அறையில் இருப்பவர் பெரும்பாலும் அவரிடம் வாடகைக்கு இருப்பவர். பதினைந்து, இருபது ஆண்டுகள் இருந்தாலும் அவர் பெயரில் காகிதம் இருக்காது. கீழே இருக்கும் பட்டறையில் வேலை, அடுத்த சந்தில் பிள்ளையின் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளி. தேவ்நாருக்கோ முலுண்டுக்கோ அனுப்பினால் வீடு கிடைக்கும். பட்டறை அங்கே வராது. காலையில் ரயில் பிடித்துத் தாராவிக்கு வேலைக்கு வர வேண்டியிருக்கும், அதுவும் அந்தப் பட்டறைக்குத் தாராவிக்குள் இடம் கிடைத்தால்.